கரும்புப் பணம் கைக்கு வரும் முன்

கரும்பு ஏறத்தாழ ஓராண்டுப் பயிர். நட்டதிலிருந்து வெட்டும்வரை பத்து முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். நெல்லைப்போல மூன்று நான்கு மாதத்தில் பணமாகாது. கத்தரிக்காயைப்போல வாரச் சந்தைக்கும் போகாது. ஆலை வெட்டு உத்தரவு தர வேண்டும், ஆள் கிடைக்க வேண்டும், வண்டி ஏற்றி எடை போட வேண்டும். அதன் பிறகு ஆலை பட்டுவாடா செய்யும் தொகையில்தான் சிறு விவசாயியின் குடும்பம் அடுத்த வெட்டுவரை ஓடியாக வேண்டும். வெட்டுக்கு முந்தைய மாதங்களில் தோடும் வளையலும் அடகுக் கடைக்குப் போகும். உரக்கடைக் கணக்கு நீளும். பள்ளிக் கட்டணத்துக்கு மைத்துனரிடம் கைமாற்று வாங்க நேரும். பணம் வந்ததும் நகை திரும்பும், கடன் அடையும். மனிதரும் நிலமும் மாறவில்லை. கையில் காசு இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே மாறியிருக்கிறது.

இந்த மாற்றம் மனிதரின் சிந்தனையை என்ன செய்கிறது என்று ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஷாவ் ஆகிய நால்வர் அளந்து பார்த்தார்கள். விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை வெட்டுக்கு முன் ஒருமுறையும் வெட்டியபின் ஒருமுறையும் சந்தித்தார்கள். முடிவுகள் 2013 ஆகஸ்டில் 'சயின்ஸ்' இதழில் வெளியாயின. வெட்டுக்கு முன் 78 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு பொருளை அடகு வைத்திருந்தார்கள். வெட்டியபின் 4 விழுக்காடு. கடனில் இருந்தவர்கள் முன்பு 99 விழுக்காடு, பின்பு 13. இதுவரை சொன்னது ஊரில் யாருக்கும் செய்தியல்ல.

செய்தி அடுத்ததில் இருக்கிறது. ஒரு சோதனையில் கட்டங்களில் விடுபட்ட வடிவத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதே விவசாயி வெட்டுக்கு முன் சராசரியாக 4.35 புதிர்களுக்கும் வெட்டியபின் 5.45 புதிர்களுக்கும் சரியான விடை சொன்னார். இன்னொன்று கவனத்தைச் சோதிப்பது: '5 5 5' என்று எழுதியிருந்தால் வாயில் வருவது ஐந்து, ஆனால் சொல்ல வேண்டிய விடை மூன்று, ஏனென்றால் கேள்வி எத்தனை எண்கள் இருக்கின்றன என்பது. இதை முடிக்க வெட்டுக்கு முன் 146 வினாடி ஆனது, பின்பு 131 வினாடி. பிழைகளும் குறைந்தன.

கரும்பைத் தேர்ந்தெடுத்ததற்கு நுட்பமான காரணம் உண்டு. ஓர் ஆலையால் எல்லாருடைய கரும்பையும் ஒரே வாரத்தில் அரைக்க முடியாது. அதனால் வெட்டு மாதக் கணக்கில் பரவி நடக்கும். ஒருவர் பணம் வாங்கிவிட்ட அதே வாரத்தில் பக்கத்து நிலத்துக்காரர் உத்தரவுக்காகக் காத்திருப்பார். ஆகவே வெயில், பண்டிகை, மழை போன்ற பருவக் காரணங்களைப் பிரித்துவிட முடிந்தது. சோதனையை இரண்டாம் முறை எழுதும் பழக்கம்தான் மதிப்பெண்ணைக் கூட்டியதோ என்ற ஐயத்தைத் தீர்க்க, வெட்டியபின் மட்டுமே முதன்முறையாகச் சோதிக்கப்பட்ட ஒரு குழுவையும் வைத்திருந்தார்கள். உணவு, நேரம், உடலுழைப்பு ஆகியவற்றில் உள்ள வேறுபாடுகள் இதை விளக்கவில்லை என்பது அவர்களது முடிவு. பணக்கவலையே சிந்தனையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. மீதியைக் கொண்டுதான் விதை, உரம், பிள்ளை, கடன் எல்லாவற்றையும் அந்த மனிதர் நிர்வகிக்கிறார்.

இதை எழுதும்போது எதிர்ச் சான்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் குறைந்த வருவாய்க் குடும்பங்களைச் சம்பள நாளுக்கு முன்னும் பின்னும் சோதித்த கார்வாலோ, மயர், வாங் மூவரின் ஆய்வு 2016இல் வெளிவந்தது. சம்பளத்துக்கு முன் கையிருப்பும் செலவும் குறைந்திருந்தன. ஆனால் அறிவுத்திறன் சோதனைகளில் வேறுபாடு தெரியவில்லை. இரண்டில் ஒன்று தவறு என்று நான் கருதவில்லை. சில வாரங்களுக்கு ஒருமுறை, தேதி தெரிந்து வரும் சம்பளத்துக்கு முந்தைய நாட்களும், ஓராண்டு காத்து, தேதியே தெரியாமல் வரும் ஆலைப் பணத்துக்கு முந்தைய மாதங்களும் ஒரே சுமை அல்ல. பற்றாக்குறையின் அளவோடு அதன் நீளமும், அது என்று முடியும் என்று தெரியாத தன்மையும் சேர்ந்தே மனத்தை அழுத்துகின்றன என்பது என் வாசிப்பு.

ஒடிசாவில் நடந்த இன்னோர் ஆய்வு இந்த வாசிப்புக்கு வலுச் சேர்க்கிறது. சுப்ரீத் கௌர், முல்லைநாதன், சுவானா ஓ, ஃபிராங்க் ஷில்பாக் ஆகியோர், வயல் வேலை கிடைக்காத மாதங்களில் இலைத் தட்டு தைக்கும் தொழிலாளர்களிடம் இந்த ஆய்வைச் செய்தார்கள். தைத்த தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. கூலி விகிதம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் ஏற்கெனவே செய்த வேலைக்கான பணத்தைச் சிலருக்குச் சில நாள் முன்னதாகக் கொடுத்தார்கள், சிலருக்குக் கடைசி நாளில் கொடுத்தார்கள். முன்னதாகப் பெற்றவர்கள் அதற்கடுத்த நாட்களில் அதிகத் தட்டுகள் தைத்தார்கள். அவர்களிலும் மிக ஏழைகளிடம்தான் இந்தக் கூடுதல் மிகுதியாகத் தெரிந்தது. கவனப் பிசகால் வரும் பிழைகளும் குறைந்தன. கூலி விகிதம் ஒரு ரூபாய்கூட உயரவில்லை. கொடுத்த நாள் மட்டும் முன்னால் வந்தது.

வேலைக்கும் வாழ்க்கைக்கும் இடையே சமநிலை என்று நாம் நடத்தும் விவாதங்களில் இந்த மனிதர்கள் இருப்பதில்லை. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னபோது நாடே பேசியது. பேசியவர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். அவர்களது களைப்பு உண்மையானது, அதைச் சிறுமைப்படுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த விவாதம் சமநிலையைத் தனி மனிதரின் தேர்வாக எடுத்துக்கொள்கிறது: எத்தனை மணிக்குக் கணினியை மூடுவது, எவ்வளவு சேமிப்பது, எப்போது உறங்குவது. நம் மண்ணில் நடந்த இந்த ஆய்வுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. வேலையின் தரமும் மன நிம்மதியும், பணம் எவ்வளவு என்பதைப் போலவே அது எப்போது வரும் என்பதையும் பொறுத்தவை. அந்தத் தேதியோ உழைப்பவர் கையில் இல்லை.

இனி, பணம் தினமும் கைமாறும் சென்னைக் கோயம்பேடு சந்தைக்கு வருவோம். கொத்தவால் சாவடியிலிருந்து 1996இல் இடம் மாறிய இந்தச் சந்தையில் விடிவதற்கு முன்பே காசு புரளத் தொடங்கிவிடும். காய்கறி, பழம், பூ விற்கும் சிறு வியாபாரிகள் பலர் காலையில் கடன் வாங்கிச் சரக்கெடுத்து, மாலையில் வட்டியோடு திருப்பிக் கொடுப்பவர்கள். பிந்து ஆனந்த், டீன் கார்லன், முல்லைநாதன் ஆகியோர் 2007இல் அவர்களிடம் திரட்டிய விவரப்படி வட்டி நாளொன்றுக்குச் சுமார் 5 விழுக்காடு. ஆயிரம் ரூபாய் வாங்கினால் அன்றே 1,050 கொடுக்க வேண்டும். ஆண்டில் 300 நாள் இப்படி நடந்தால் ஆயிரம் ரூபாய் முதலுக்கு வட்டி மட்டும் 15,000. பலர் இதை ஆண்டுக் கணக்கில் செய்துவந்தார்கள்.

இதற்குத் தீர்வு மிக எளிது என்று காகிதம் சொல்லும். அந்த வியாபாரி நாளுக்குப் பத்து ரூபாய் எடுத்து வைத்து, மறுநாள் அந்த அளவுக்குக் குறைவாகக் கடன் வாங்கினால், மிச்சமாகும் வட்டியும் சேர்ந்து 37 நாளில் கடன் வாங்கும் தேவையே தீர்ந்துவிடும். இந்தக் கணக்கு வியாபாரிக்குத் தெரியாது என்று நினைப்பவர்கள் கோயம்பேட்டில் ஒருமுறை தக்காளிப் பெட்டிக்கு விலை பேசிப் பார்க்க வேண்டும். நாலு பெட்டியின் வரவு செலவை விரல் மடக்காமல் சொல்பவர்கள் அவர்கள்.

கணக்குத் தெரிந்தும் ஏன் நடக்கவில்லை? கார்லன், முல்லைநாதன், பெஞ்சமின் ராத் மூவரும் சென்னையிலும் பிலிப்பைன்ஸிலும் சிறு வியாபாரிகள் சிலரின் கந்துவட்டிக் கடனை முழுதாக அடைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ஆறு வாரத்துக்குள் மறுபடி கடனுக்குத் திரும்பினார்கள். ஓரிரு ஆண்டுக்குப் பிறகு, கடன் அடைக்கப்பட்டவருக்கும் அடைக்கப்படாதவருக்கும் வேறுபாடே இல்லை. இந்த முடிவை வைத்து, கொடுத்தும் பயனில்லை என்று சொல்லிவிடலாம், சொல்பவர்களும் உண்டு. நான் இதை வேறு மாதிரி படிக்கிறேன். கடன் தீர்ந்த அன்று வியாபாரியின் கையில் முதல் இருக்கிறது, ஆனால் இடைவெளி இல்லை. பேரனுக்குக் காய்ச்சல், ஒரு நாள் மழையில் அழுகிய கொத்தமல்லி, சொந்தத்தில் ஒரு காதுகுத்து, ஏதாவது ஒன்று வந்தால் எடுப்பது அந்த முதலைத்தான். மறுநாள் விடிகாலை வட்டிக்காரர் அங்கேயே நிற்பார். ஒருமுறை தூக்கிவிடுவது போதாது. இடறும் நாளில் கை நீட்ட இன்னோர் இடம் வேண்டும். 2003ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்திருக்கிறது. தடையால் வட்டிக்காரரைத் தண்டிக்க முடியும். விடிகாலை நான்கு மணிக்கு ஆயிரம் ரூபாய் கொடுக்க முடியாது.

இனி, அந்த விவாதத்தில் தனி மனிதரின் தேர்வாகவே பேசப்படும் உறக்கம். சென்னையில் குறைந்த வருவாயுள்ள 452 பேருக்கு ஒரு மாதம் கணினியில் தரவு பதியும் வேலை கொடுத்து, மணிக்கட்டில் உறக்கம் அளக்கும் கருவி கட்டினார்கள். பெட்ரோ பெசோனே, கௌதம் ராவ், ஷில்பாக், ஹெதர் ஸ்கோஃபீல்ட், மத்தி தோமா ஆகியோரின் இந்த ஆய்வு 2021இல் வெளியானது. அவர்கள் இரவில் படுக்கையில் இருந்தது சுமார் எட்டு மணி நேரம், உறங்கியது ஐந்தரை. வெக்கை, கொசு, தெருவிளக்கின் வெளிச்சம், சத்தம் எல்லாம் நடுவில் நின்றன. ஒரு பகுதியினருக்குக் கண்மறைப்பு, காதடைப்பான், கட்டில், மெத்தை, மேசை விசிறி போன்றவை கொடுத்து, உறங்கும்படி ஊக்கமும் அளித்தார்கள். இரவுக்கு 27 நிமிடம் கூடியது. இதனால் வேலையும் உடலும் மனமும் நன்றாக மேம்படும் என்று வல்லுநர்கள் முன்கூட்டியே கணித்திருந்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த பலன் எதுவும் இல்லை.

அதே ஆய்வில் வேறு சிலருக்கு மதியம் வேலையிடத்திலேயே, அமைதியான இடத்தில், அரை மணி நேரம் படுக்க வாய்ப்புக் கொடுத்தார்கள். வேலைத் திறன் கூடியது, கவனம் கூடியது, மன நலம் மேம்பட்டது. சத்தத்திலும் வெக்கையிலும் துண்டு துண்டாக வரும் உறக்கத்தில் 27 நிமிடம் சேர்ப்பதைவிட, தடையில்லாத அரை மணி மேல் என்பது இதற்கு ஆய்வாளர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. எனக்கு இது முழுக்க ஏற்புடையதாகத் தோன்றுகிறது. இரவு உறக்கத்தைக் கெடுப்பது அந்த மனிதரின் பழக்கம் அல்ல, அவருடைய வீடும் தெருவும்.

இதில் ஒரு முள்ளும் இருக்கிறது, அதை மறைத்தால் ஆய்வைப் பாதியாகச் சொன்னதாகும். அந்த அரை மணி நேரமும் வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால், படுத்து எழுந்தவர்களின் வருமானம் குறைவு. வெறுமனே இடைவேளை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் அதிகம். நலம் கூடியது, காசு சற்றுக் குறைந்தது. மாதச் சம்பளக்காரர் மதியம் கண்ணயர்ந்தால் சம்பளம் குறையாது. செய்த அளவுக்குக் கூலி வாங்குபவர் தன் ஓய்வுக்கான விலையைத் தானே கொடுக்கிறார். வேலையும் பணமும் நலமும் உண்மையிலேயே மோதிக்கொள்ளும் இடம் இதுதான். இங்கே அறிவுரைக்கு வேலையில்லை. ஓய்வு நேரத்துக்கும் கூலி உண்டா என்ற கேள்விக்குத்தான் வேலை.

சென்னை சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுநர்கள் 229 பேரிடம் ஷில்பாக் நடத்திய ஆய்வையும் (2019) இங்கே நினைக்க வேண்டும். பகல் முழுதும் பாரம் மிதிப்பவர்களுக்கு உடல் வலியை மறக்கக் குடி ஒரு மருந்தாகிவிடுகிறது. பகலில் குடிக்காமல் இருந்தால் பணம் என்று ஊக்கத்தொகை வைத்தபோது பகல் குடி குறைந்தது; மொத்தக் குடி அவ்வளவாகக் குறையவில்லை. ஆனால் சேமிப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கானது. அதைவிட என்னை நிறுத்தியது வேறொரு முடிவு: மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள், நிபந்தனை இல்லாமல் கிடைக்கும் கூடுதல் பணத்தை விட்டுவிட்டு, குடிக்காமல் இருந்தால் மட்டுமே கிடைக்கும் பணத்தைத் தாமே தேர்ந்தெடுத்தார்கள். தன்னைக் கட்டிப்போட ஒரு கயிறு வேண்டும் என்று கேட்டு வாங்கியவர்களைப் பொறுப்பில்லாதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

வேலை நேரத்தைப் பற்றிய பெரிய சான்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்டது. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் கூடுதல். 2016இல் மட்டும் நீண்ட வேலை நேரத்தால் உலகில் சுமார் 7,45,000 பேர் இறந்ததாக அவர்கள் மதிப்பிட்டார்கள்.

இந்த அறிக்கை வந்து இரண்டு ஆண்டில், 2023 ஏப்ரல் 21 அன்று, தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு திருத்தத்தை நிறைவேற்றியது. 12 மணி நேர வேலை நாளுக்கு அது வழி திறந்தது. வாரத்துக்கு 48 மணி என்ற வரம்பு மாறாது, நான்கு நாள் வேலை, மூன்று நாள் ஓய்வு என்று விளக்கம் சொன்னார்கள். தொழிற்சங்கங்களும் ஆளுங்கட்சியின் கூட்டணிக் கட்சிகளும் எதிர்த்தன. மே 1 அன்று முதல்வர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். வாரக் கணக்கு சமமாக இருந்தால் உடலுக்கும் சமம் என்ற எண்ணம் எனக்கு ஏற்புடையதல்ல. பேருந்துப் பயணம், வீட்டு வேலை இரண்டும் அந்த நாளோடுதான் சேரும். 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள். வீட்டு வேலை செய்யும் ஆண்கள் 97 நிமிடம். பன்னிரண்டு மணி நேர நாளில் இந்த ஐந்து மணி நேரத்தை எங்கே வைப்பது? பெரும்பாலும் உறக்கத்திலிருந்துதான் எடுப்பார்கள்.

இதற்கு எதிர்த் திசையில் போன சட்டமும் உண்டு. ஜவுளிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே வேலை பார்ப்பவர்களின் கால்களைத் தமிழகம் வெகுகாலம் பார்த்தும் பாராமல் இருந்தது. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் கொண்டுவந்த திருத்தம், ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்றது. கேரளம் 2018இலேயே இதைச் செய்திருந்தது. ஒரு நாற்காலியின் விலை சொற்பம். எந்த ஊழியருக்கும் மன உறுதியைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லாத சீர்திருத்தம் அது.

பணத்தின் தேதிக்கும் சட்டம் உண்டு. 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி, கரும்பு ஒப்படைத்த 14 நாளுக்குள் ஆலை பணம் தர வேண்டும்; தாமதித்தால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி சேர வேண்டும். ஆலைகளின் நிலுவைத் தொகைக்காக விவசாயிகள் மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் உட்காருவது தமிழகத்தில் வழக்கமாகிப் போன காட்சி. ஆனால் வட்டியோடு சரியாகக் கொடுத்தாலும் கணக்கு நேராகாது. ஊரில் 'மூன்று வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், ஆண்டுக்கு 36 விழுக்காடு. விவசாயி 36இல் கடன் வாங்கிக் காத்திருக்கிறார். ஆலை அவருடைய பணத்தை 15இல் வைத்திருக்கிறது. விவசாயி வாங்குவதைவிட மலிவான கடன் அது, அதைத் தருபவர் அடகுக் கடை வாசலில் நிற்பவர்.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் இந்த இடைவெளி இன்னும் கூர்மையாக இருந்தது. 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கூலியை 15 நாளுக்குள் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு என்று விதி வகுத்தார்கள். கோயம்பேட்டில் ஒரு நாளைக்குக் கொடுத்த வட்டி 5 விழுக்காடு; அதில் நூறில் ஒரு பங்கு இது. 3,000 ரூபாய்க் கூலி கெடு தாண்டி ஒரு மாதம் தாமதமானால் அந்த விதிப்படி இழப்பீடு 45 ரூபாய். அந்த ஒரு மாதத்தைச் சமாளிக்க அதே தொகையை மூன்று வட்டிக்கு வாங்கினால் வட்டி 90 ரூபாய், ஐந்து வட்டிக்கு வாங்கினால் 150.

தேதி மாறாமல் வரும் சிறு தொகை என்ன செய்யும் என்பதைப் பார்க்க இப்போது ஒரு பெரிய களம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்று தொடங்கப்பட்டது. அதைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் தொகையைச் சுற்றியே நடக்கிறது. அதன் ஒழுங்கைப் பற்றி, மாதத்தின் எந்த நாளில் வரும் என்று முன்கூட்டியே தெரிந்த பணம் வீட்டுக் கடன்களை எப்படி மாற்றியது என்பதைப் பற்றி ஆராய வேண்டும்.

தாமதத்துக்கான வட்டியைப் பொறுத்தவரை ஆய்வுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கரும்பு நிலுவைக்கும் கூலி நிலுவைக்கும் இழப்பீட்டை, அந்தக் குடும்பம் உள்ளூரில் உண்மையாகக் கட்டும் கடன் வட்டிக்குக் குறையாமல் நிர்ணயிக்கலாம். மனுப் போடாமலேயே நிலுவையோடு சேர்த்து அது கணக்கில் ஏறும்படி விதி செய்யலாம். இதில் யாருக்கும் யாரும் சலுகை தரவில்லை. உழைத்தவர் ஏற்கெனவே கட்டிவிட்ட வட்டி, கட்ட வைத்தவரிடமிருந்து திரும்புகிறது.